மீன் வாடை ஏறாத கார்

பீ ஹுவா தன் வீட்டுக்காரரின் காரில் ஏறுவதற்கு முன்னால் எலுமிச்சம்பழத் தோலால் இரண்டு கைகளையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள். நகக்கண்களுக்குக் கொஞ்சம் உப்பு. அப்புறம் துவைத்த சட்டை. அதற்கும் அப்புறம்தான் அவள் கணவர் தியோ பூன் லியோங் பின்கதவைத் திறப்பார். இருக்கையில் ஒரு துவாலையை விரித்து, மூலைகளை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "ம், இப்ப ஏறு" என்பார். செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"கோயில்லகூட இவ்வளவு கெடுபிடி இல்ல" என்று அவள் முணுமுணுப்பாள்.

"கோயில்ல சாமிக்கு மூக்கு மரத்துல செஞ்சது. இது நெஜத் தோல் சீட்டு, ஹுவா. வாடை ஏறுனா போகாது."

அப்படிச் சொன்ன மனிதர் இப்போது முன்கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தார். வாசலில் தகரப் பந்தல். வட்ட மேசைகளில் வேர்க்கடலையும் தர்பூசணி விதையும். துக்கத்துக்கு வந்தவர்கள் போகும்போது விரலில் சுற்றிக்கொள்ளச் சிவப்பு நூல் ஒரு தட்டில் இருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம், அவர் ஆசையாகப் போட்ட நீலக் கூரைக்குக் கீழே, அந்தக் கறுப்புக் கார் வயிறு தரையில் படக் கிடந்தது, சேற்றில் படுத்துக்கொண்ட எருமை மாதிரி.

மகன் வெய் கியாட் கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்ததிலிருந்து உட்காரவே இல்லை. ஓடி ஓடி எல்லாம் செய்தான். அன்று பிற்பகல் நனைந்த தலையைத் துடைத்தபடி சமையல்கட்டுக்கு வந்தான்.

"மா, காகிதக் கடையில சொல்லிட்டேன். ரெண்டு மாடி வீடு, பொட்டி நிறைய பணம், அப்புறம் கார்."

"என்ன கார்?"

"என்ன காரா? அப்பாவோட கார்தான். அதே கறுப்பு, அதே நம்பர். முன்னாடி இருக்குமே அந்தச் சின்னம், அதைக்கூட வெள்ளித்தாள்ல வெட்டி ஒட்டித் தரேன்னாரு கடைக்கார ஆபெக்."

பீ ஹுவா கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"வேற ஏதாச்சும் அனுப்பலாமே. படகு அனுப்பேன்."

"அப்பா படகுல ஏறுனா வாந்தி எடுப்பாரும்மா."

"அப்ப சைக்கிள்."

"மா! ஊரு சிரிக்கும். மகன் வங்கியில வேலை பாக்கறான், அப்பனுக்குச் சைக்கிள் எரிச்சான்னு சொல்லுவாங்க. அந்தக் காருன்னா அப்பாவுக்கு உசுரு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம். நாளை சாயங்காலம் ஆற்றோரத்துத் திடலில் காகிதத்தில் செய்து எதை எரிக்கிறார்களோ அது அவரிடம் போய்ச் சேரும். வீடு எரித்தால் வீடு, கார் எரித்தால் கார். இங்கேயாவது, அது நடுவழியில் நின்றுபோனால், அவருக்கு ஒரு வேன் இருந்தது, ஒரு மெக்கானிக் இருந்தான், அவள் இருந்தாள். அங்கே அந்தக் காரோடு தன்னந்தனியாக எந்தச் சாலையில் நிற்பாரோ!

*

குவாலா குராவில் படகுகள் வரும் நேரத்துக்கு எழுந்து பழகிய வீடு அது. கூடையில் முள்ளுவாளை வந்து இறங்கும். நீளமாக, வெள்ளிப் பட்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக. அதை இரண்டாகப் பிளந்து, கரண்டியால் வாலிலிருந்து தலைப்பக்கம் சுரண்டினால் சதை மட்டும் வரும், முள் தோலோடு நின்றுகொள்ளும். அந்தச் சதையில் உப்புத் தண்ணீர் விட்டு, பெரிய தொட்டியில் போட்டு, கையால் அள்ளி அள்ளி அறைய வேண்டும். தொட்டி அதிரும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்த மீன் மாவு கையில் ஒட்டாமல் எதிர்த்துத் தள்ளுகிறவரை அறைய வேண்டும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கினால் மீன் உருண்டைகளாகத் தண்ணீரில் விழும். அறைவது பீ ஹுவா. சுரண்டுவதும், வேனில் ஏற்றி பாரிட் புந்தார், பாகான் செராய் சந்தைகளுக்குக் கொண்டுபோவதும் பூன் லியோங்.

அந்த வேன் எந்த வருஷத்தது என்று அதற்கே மறந்துபோயிருக்கும். கதவைக் கயிற்றால் கட்ட வேண்டும். ஆனால் சாவியைத் திருகினால் இருமிக்கொண்டாவது கிளம்பிவிடும். அதன் வாடை அதற்கு முன்னாலேயே ஊருக்குள் போய்ச் சேரும். பூன் லியோங் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பக்கத்தில் உட்கார்ந்தவர் சற்று நேரத்தில் மெல்ல நாற்காலியை நகர்த்திக்கொள்வார். அவர் அதைக் கவனிக்காததுபோல் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, மூக்கில் வைத்துப் பார்ப்பார். அதைப் பீ ஹுவா கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள்.

மகனுக்கு நல்ல வேலை கிடைத்த வருஷம், அறுபது தாண்டிய அந்த மனிதர் ஒரு ஜெர்மன் காரை வாங்கிக்கொண்டு வந்தார். வேறு ஒரு பணக்காரர் ஓட்டிச் சலித்தது. "மலிவா கிடைச்சுது" என்றார். வாங்கத்தான் மலிவு. மீன் அரைக்கும் இயந்திரம் வாங்க வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அவள் தோள்பட்டை வலியோடு அறைந்துகொண்டே இருந்தாள். மாடிக் கூரை ஒழுகியது. "காருக்குக் கூரை, கட்டிலுக்கு வாளியா?" என்று கேட்டாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அடுத்த வருஷத்தில் காரைத் தூக்கி நிறுத்தும் காற்றுப் பைகள் ஓட்டையாகின. இரவில் நிறுத்தினால் காலையில் முன்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சாவி போட்டதும் உள்ளே ஏதோ முனகும், கொஞ்சம் கொஞ்சமாக எழுந்திருக்கும். பூன் லியோங் பக்கத்தில் நின்று, "எழுந்திரு, எழுந்திரு ராசா" என்பார். பைகளை மாற்றினால் பம்பு போயிற்று. பம்பை மாற்றினால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அதற்கென்று தனி எண்ணெய், தனி பாட்டரி. எதுவும் ஊரில் கிடைக்காது. கப்பலில் வர வேண்டும்.

அது வழியில் நின்றுபோகிற நாட்களில் பீ ஹுவா வேனை எடுத்துக்கொண்டு போவாள். கயிறு கட்டி, முன்னால் வேன், பின்னால் கார், இழுத்துக்கொண்டு வருவாள். கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். "தவுக்கே, மாடு புதுசா?" என்று முதலாளியைப் பார்த்து யாராவது கத்துவார்கள். பூன் லியோங் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சுல்தான் ஊர்வலம் போவதுபோல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். தைப்பிங் போய்த் திரும்பும்போது, முதுகை அமுக்கிவிடும் அந்த இருக்கையில் பீ ஹுவா அசந்து தூங்கிவிட்டாள். விழித்துப் பார்த்தால் இருட்டத் தொடங்கியிருந்தது. கார் நெல்வயல்களுக்கு நடுவே மெல்லப் போய்க்கொண்டிருந்தது. "இன்னும் வீடு வரலியா?" என்றாள். "வீட்டைத் தாண்டி நாலு தடவை போயாச்சு" என்றார் அவர். "நீ தூங்குனே. நிறுத்துனா முழிச்சிருவே." அன்றைக்கு அந்தக் கார் எந்தக் குறையும் சொல்லவில்லை.

*

மெக்கானிக் சிவலிங்கம் சாயங்காலம் வந்தான். பாரிட் புந்தாரில் பட்டறை வைத்திருப்பவன். அந்தக் காருக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன் என்று சொல்லுவான். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, கடலைத் தட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தான்.

"சாப்பிடு சிவா."

"வேணாம் தவுக்கேசோ. தொண்டையில இறங்காது." தவுக்கேயின் மனைவியைத் தவுக்கேசோ என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"வெளிய பாத்தியா, உன் பிள்ளை படுத்திருக்கு."

"பாத்தேன்." அவன் சிரிக்க முயன்றான். "ஊரே அது நம்பரை வாங்கியிருக்கு. செத்தவரு காரு நம்பர்னு லாட்டரிக் கடையில வரிசை. நேத்து ஒண்ணும் விழல."

"அதுலயும் ஏமாத்திருச்சா?" என்றாள் பீ ஹுவா. இருவரும் ஒரு நொடி சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக அவள் பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சிவா, நெஜத்தச் சொல்லு. அன்னிக்கு அது ஏன் அப்படி ஊர்ந்துச்சு?"

அவன் விரலில் சிவப்பு நூலைச் சுற்றினான், அவிழ்த்தான்.

"இழுத்துட்டு வந்த அன்னிக்கே பாத்தேன். ஒரு சின்னக் குழாய், தண்ணி கசிஞ்சிருக்கு. எஞ்சின் சூடாச்சு. சூடானா அது வேகத்தைக் குறைச்சுக்கும், எவ்வளவு அழுத்துனாலும் ஓடாது. அது பழுதுகூட இல்ல தவுக்கேசோ. அப்படித்தான் செய்யச் சொல்லி கம்பெனிக்காரன் வச்சிருக்கான். எஞ்சின் வெந்துபோகக் கூடாதுல்ல. தன்னைத் தானே காப்பாத்திக்கும்."

"காப்பாத்திக்கிச்சா?"

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல" என்றான் அவன். சொன்ன பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பின்னால் சத்தம் கேட்டது. வெய் கியாட் பானப் பொட்டலங்கள் அடுக்கிய தட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்னைக்கு ஊர்ந்துச்சு?" என்றான். "மா, அப்பாவை ஆம்புலன்ஸ்லதானே கொண்டுபோனே?"

பீ ஹுவா தட்டை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். வேன் சாவியை எடுத்தாள்.

"வா. ஆபெக் கடைக்குப் போகணும்."

*

வேனில் போகும்போதுதான் சொன்னாள். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் மாவு அறைஞ்சுட்டிருந்தேன். உங்கப்பா வந்து கவுத்து வச்ச தொட்டி மேல உக்காந்தாரு. வேர்த்து ஊத்துது. தாடை வலிக்குதுன்னாரு. வேன் சாவியை எடுத்தேன். வேன்ல வேணாம்னாரு. 'வேன்ல போய் இறங்குனா மீன்னு நினைச்சு ஐஸ் பொட்டியில வச்சிருவாங்க'ன்னு சிரிச்சாரு. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியிலருந்து வர்றதுக்குள்ள நாம போயிரலாம், கார்ல போனா மதிப்பா பாப்பாங்கன்னாரு. எனக்கு அதை ஓட்டத் தெரியாது, அவரேதான் ஓட்டுனாரு."

"நீ விட்டியா?"

"விட்டேன்."

துடைப்பான் கண்ணாடியில் கறகறவென்று தேய்த்தது.

"பாலம் தாண்டுனதும் கார்ல சிவப்பு வெளக்கு எரிஞ்சுது. அப்புறம் ஊர ஆரம்பிச்சுது. மோட்டார் சைக்கிளெல்லாம் தாண்டிப் போகுது. புல்லுக்கட்டோட ஒரு கிழவரு சைக்கிள்ல தாண்டிப் போனாரு. 'பாரு ஹுவா, புல்லு நம்மள முந்துது'ங்கறாரு. நிறுத்துங்க, யாரையாச்சும் கூப்பிடறேன்னேன். ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணுனாரு. 'கொஞ்சம் சும்மா விட்டா மறந்துரும், மறுபடி ஓடும்'னாரு. எப்பவும் அப்படித்தானே சொல்லுவாரு. நான் கையை நீட்டி வேற வண்டியை நிறுத்தறதுக்குள்ள…"

அவள் கியரை மாற்றினாள்.

"அன்னிக்கு நான் முன்சீட்டுல உக்காந்திருந்தேன். துவாலை இல்ல. கையெல்லாம் மீன் செதில். அதைப் பாத்தாரு. திட்டப் போறாருன்னு நினைச்சேன். கையைப் புடிச்சு அவரு மடியில வச்சுக்கிட்டாரு."

வெய் கியாட் வெளியே பார்த்தபடி அழுதான். "நான்தான் வாங்கச் சொன்னேன்மா. காலம்பூரா மீன் வேன்லயே போவீங்களான்னு நான்தான் கேட்டேன்."

"நீ கேட்டே. அவரு ஆசைப்பட்டாரு. ஆசைப்பட்டதுல தப்பில்ல. நான் வேன் சாவியைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன் பாரு, அதுதான் எனக்குத் தாங்கல."

*

எல்லாரும் ஆபெக் என்று கூப்பிடும் அந்தக் கிழவரின் கடையில், கார் தயாராக இருந்தது. சாப்பாட்டு மேசை நீளம். மூங்கில் சட்டத்தில் பளபளக்கும் கறுப்புத் தாள். உள்ளே பழுப்புத்தாள் இருக்கைகள். முன்னால் வெள்ளித்தாள் சின்னம். நம்பர் பலகையில் அதே நம்பர். அசலைவிட நன்றாக நிமிர்ந்து நின்றது.

"இது வேணாம் ஆபெக். வேற கொடுங்க" என்றான் வெய் கியாட்.

கிழவர் பசைத் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தார். "தம்பி, பேரு எழுதியாச்சு. நம்பர் எழுதியாச்சு. இது இனிமே உங்கப்பா சொத்து. எரிக்காம இங்க வச்சா அவரு தினம் ராத்திரி வந்து கடை வாசல்ல நின்னு சாவி கேப்பாரு. எனக்கு இருக்கற தூக்கமே கம்மி."

பீ ஹுவா குனிந்து முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்ன இருக்கு ஆபெக்?"

"என்ன இருக்கும்? மூங்கில். இதுவரைக்கும் யாரும் தெறந்து பாத்ததில்ல."

"எஞ்சின் வைக்கலியா?"

"இல்லியே. வைக்கணுமா?"

"வேணாம், வேணாம். இருந்தாத்தானே கெட்டுப்போகும்" என்றாள் அவள். ஆனாலும் மனம் ஆறவில்லை. காகிதக் கதவைத் திறந்து பார்த்தாள். பின்னிருக்கையில் கிழவர் ஒரு சின்னத் துவாலையைக்கூட வெள்ளைத்தாளில் மடித்து வைத்திருந்தார்.

"இது யாரு சொன்னது?"

"அவரு கார்ல ஒரு தடவை ஏறியிருக்கேன்" என்றார் கிழவர். "என்னையும் துவாலை மேலதான் உக்கார வச்சாரு."

பீ ஹுவா அந்தத் துவாலையின் மூலையை விரலால் நேராக்கினாள்.

"அனுப்புவோம்டா" என்றாள் மகனிடம். "ஆசைப்பட்ட பொருளை இல்லேன்னு சொல்லக் கூடாது." பிறகு கிழவரிடம், "ஆபெக், மிச்சம் மீதி மூங்கில் குச்சி இருந்தா கொஞ்சம் குடுங்க."

*

மறுநாள் பகலில், துக்கத்துக்கு வந்தவர்கள் பந்தலில் அரிசிச் சேமியாவில் செய்த சைவ மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சமையல்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து குச்சிகளைக் கட்டினாள். பொரித்த மீன் பலகாரம் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழுப்புத்தாள்தான் வீட்டில் இருந்தது. அடுப்போரம் கிடந்து எண்ணெய் ஊறிப்போன தாள். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி ஒட்டினாள். சக்கரம் நான்கும் நான்கு அளவு. கதவுக்கு நூல்.

வெய் கியாட் எட்டிப் பார்த்தான். "என்னம்மா இது, செருப்புப் பொட்டியா?"

"வேன்."

அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, அந்த வேனின் நம்பரை முன்னாலும் பின்னாலும் எழுதினான். அது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம்.

சாயங்காலம் எல்லாவற்றையும் ஆற்றோரத் திடலுக்குத் தூக்கிப் போனார்கள். வீட்டை நடுவில் வைத்தார்கள், பணப் பெட்டிகளைச் சுற்றி வைத்தார்கள், காரைச் சற்றுத் தள்ளித் தனியாக நிறுத்தினார்கள். பீ ஹுவா தன் வேனைக் கொண்டுபோய்க் காருக்கு முன்னால் வைத்தாள். மீன் மூட்டை கட்டும் சணல் கயிற்றில் ஒரு துண்டு எடுத்து, வேனின் பின்பக்கத்தையும் காரின் முன்பக்கத்தையும் சேர்த்துக் கட்டினாள். எத்தனையோ தடவை கட்டிய முடிச்சு. கூடியிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள்.

வழியில் திரியும் ஆவிகள் நடுவில் புகுந்து பறித்துக்கொள்ளாதிருக்க, சொந்தக்காரர்கள் கைகோத்து வட்டமாக நின்றார்கள். சாமியார் மணியை ஆட்டினார். தீ வைத்தார்கள். வீடு படபடவென்று பிடித்து எரிந்தது. பணம் எரிந்தது. மேகம் இறங்கித் தூறல் போட்டது. காரின் கறுப்புத் தாளில் நெருப்பு ஓரத்தைக் கருக்கிவிட்டு அணைந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடி அணைந்தது.

"அங்கயும் ஸ்டார்ட் ஆகல" என்றது ஒரு குரல், மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே நின்ற சிவலிங்கம் தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தான், பிறகு நின்றுகொண்டான்.

வீடு எரிந்த இடத்திலிருந்து ஒரு தீத்துண்டு காற்றில் உருண்டு வந்து வேனின் மேல் விழுந்தது. எண்ணெய் ஊறிய தாள் அல்லவா, குப்பென்று பிடித்தது. சப்பைச் சக்கரங்கள் நான்கும் நெருப்பில் நிமிர்ந்தன. நெருப்பு கயிற்றின் வழியே பின்னால் ஓடியது. வெள்ளித்தாள் சின்னம் சுருண்டது. கறுப்பு முகப்பு ஒருமுறை முன்னால் சாய்ந்து, எழுந்து, எரியத் தொடங்கியது.

"அப்பா, வந்து வாங்கிக்கோங்க! வீடு வாங்கிக்கோங்க! கார் வாங்கிக்கோங்க!" என்று வெய் கியாட் முறைப்படி கத்தினான். குரல் உடைந்தது.

பீ ஹுவா பிடித்திருந்த கைகளை உதறினாள். வட்டத்திலிருந்து முன்னால் போனாள். அன்றைக்குச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டதை, தொட்டி அதிர மாவு அறைகிற அதே வலுவோடு கத்தினாள்.

"கியாட் அப்பா! வேன்ல ஏறுங்க! நான் சொல்றேன், வேன்ல ஏறுங்க! கார் பின்னாடி வரும்!"

*

அடக்கம் முடிந்து, பந்தல் பிரித்து, வாடகை நாற்காலிகள் போன பிறகு, சிவலிங்கம் வந்தான். பழைய இரும்புக்காரன் ஒருவன் காரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறான் என்றான். வெய் கியாட்டும் அதையே சொன்னான், ஒழுகும் மாடிக் கூரைக்கு ஆள் பார்த்துவிட்டதாகவும் சொன்னான்.

"கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள் பீ ஹுவா.

அவர்கள் போன பிறகு காரின் முன்கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றாமல் ஏறினாள். கை கழுவவில்லை. கதவு மூடிக் கிடந்த அத்தனை நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது: தோலின் மணம், அவர் தலைக்கு வைக்கும் தைலம், இரண்டுக்கும் மேலே முள்ளுவாளை. அவர் சொன்னது சரிதான். ஏறிய வாடை போகவில்லை.

காற்றில் கலைந்துவிடும் என்று பயந்தவள்போல் அவள் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.